மற்றும் குழுவினர்

சில வருஷங்களுக்கு முந்தி எங்க ஊரு ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஒரு ஒலிப்பதிவுக்குப் போனார்கள். நடவுப் பாட்டு நாலு, ஒப்பாரி ரெண்டு, பறையடி ஒன்று. பாட்டைக் கொடுத்தது எங்க பெரியம்மா. பறையைக் காய்ச்சி அடித்தது பெரியப்பா. ஆறு மாதம் கழித்து ஒலித்தட்டு வந்தது. உறையில் ‘இசை’ என்று ஒருவர் பெயர், ‘தொகுப்பு’ என்று இன்னொருவர் பெயர், கடைசி வரியில் சின்ன எழுத்தில் ‘மற்றும் குழுவினர்’. பெரியம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. “எம் பேரு எங்கடா போட்டுருக்கு, காட்டு” என்றது. எம்.ஏ. தமிழ் படித்த நான் அந்த ‘மற்றும்’ மேல் விரலை வைத்துக் காட்டினேன். அதுவும் சந்தோஷமாகத் தடவிப் பார்த்துக்கொண்டது.

‘மற்று’ என்பதை இடைச்சொல் என்று இலக்கணம் சொல்கிறது. தனித்து நின்று பொருள் தராது, இன்னொரு சொல்லைச் சார்ந்தே நிற்கும். காவிரிக் கரையில் எங்களுக்கு எழுதி வைத்த இடமும் இதுதான்.

‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு மேடையில் பாடிப் பிறகு ஒலிக்கூடத்தில் பதிவு செய்து கொண்டுவந்த பாட்டுத் தொகுப்பைப் பற்றி எழுத உட்காரும்போது எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வருகிறது. பாட்டு நன்றாக இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. அது எப்படிச் செய்யப்பட்டது, செய்தவர்களில் யாருக்குப் பெயர் கிடைத்தது, யார் ‘மற்றும்’ ஆனார்கள் என்பது முதல் கேள்வி.

1

இந்தக் கேள்வி சென்னையில் பிறந்ததல்ல. எங்க சோழநாட்டில் ரொம்பப் பழசு. கொள்ளிடக் கரை ஆதனூரில் இருந்த நந்தன் என்ன தொழில் செய்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. கோயில் பேரிகைகளுக்குத் தோல் கொடுத்தான், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தான். ஓசை உள்ளே போனது, ஓசையைக் கொடுத்தவன் வெளியே நின்றான். தீயில் இறங்கினால்தான் உள்ளே வரலாம் என்றார்கள். அதைப் பக்தி என்று நமக்குப் பாடத்தில் வைத்தார்கள். நானும் பரீட்சையில் அப்படியே எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

ஆயிரம் வருஷம் கழித்தும் கணக்கு மாறவில்லை. கச்சேரி மேடையில் முழங்கும் மிருதங்கம் பலாமரக் கட்டையில் பசு, எருமை, ஆடு என மூன்று தோலையும் போர்த்திச் செய்வது. தோலைப் பொறுக்கி எடுத்து, பதம் பார்த்து, வார் இழுத்து, நாதம் வரும்வரை மடியில் போட்டுக் கிடப்பவர்களில் தஞ்சாவூர் செபஸ்தியான் வம்சத்து தலித் கிறித்தவர்கள் முக்கியமானவர்கள். பாலக்காடு மணி ஐயரின் வாசிப்புக்குப் பின்னால் பர்லாந்துவின் கை இருந்தது. இவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் 2020இல் வந்தபோது, வெளியீட்டுக்கு இடம் தர ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. மாட்டுத்தோல் மேடை ஏறலாம், மாட்டுத்தோல் பற்றிய பேச்சு மேடை ஏறக்கூடாது. எத்தனையோ கர்நாடக இசைத்தட்டுகள் வந்துவிட்டன. மிருதங்கம் வாசித்தவர் பெயர் உறையில் இருக்கும், செய்தவர் பெயர் இருக்கிறதா என்று நீங்களே உங்கள் வீட்டில் எடுத்துப் பாருங்கள்.

2

இந்தப் பின்னணியில் 2018 சனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் ‘மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்’ நிறுவனமும் சேர்ந்து அமைத்த குழு அன்றுதான் முதல்முதலாக மேடை ஏறியது. பத்தொன்பது பேர். கோட்டுசூட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். கிராமியக் கலைஞன் என்றால் வேட்டியும் தலைப்பாகையும் கட்டி, காலில் சலங்கையோடு நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற கண்ணுக்கு அது முதல் அடி. அம்பேத்கர் ஏன் கோட்டுப் போட்டார் என்று புரிந்தவர்களுக்கு இதுவும் புரியும். குழுவின் பெயர், சாதியில்லாத் தமிழர் என்று பேசிய அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லிலிருந்து எடுத்தது.

டென்மா ராக் இசையிலிருந்து வந்தவர், பரிசோதனைக்காரர். கபேர் வாசுகியோடு ‘குரங்கன்’ குழுவில் இயங்கியவர். ராக் இசைக்காரன் ஒருத்தன் கானாக்காரர்களோடு உட்கார்ந்தால் பொதுவாக நடப்பது நமக்குத் தெரியும். தன் மெட்டு, தன் தாளம், தன் பெயர், நடுவில் மண்வாசனைக்குக் கொஞ்சம் பறை. சாம்பாரில் பெருங்காயம் போடுவதுபோல. சினிமா கானாவை இப்படித்தான் சாப்பிட்டது. வடசென்னையில் சாவு வீட்டில் ராத்திரி முழுக்க, சட்டியும் டோலக்கும் துணையாக, செத்தவன் கதையையும் இருக்கிறவன் வாழ்க்கையையும் பாடிய பாட்டு அது. தொண்ணூறுகளில் அது திரையில் கேலிக்கும் குத்தாட்டத்துக்கும் போனது. அங்கே பாட்டு மிஞ்சியது, சாவு காணாமல் போனது.

இந்தக் குழுவில் நடந்தது வேறு. பாடுகிறவர்களே எழுதினார்கள். அரக்கோணத்து அறிவு, இசைவாணி, கானா முத்து, பாலசந்தர், செல்லமுத்து, தரணி என்று குரல்கள். சட்டிக்குச் சரத், கட்ட மோளத்துக்குக் கௌதம், பறைக்கும் தவிலுக்கும் நந்தன், டிரம்ஸுக்கு மனு கிருஷ்ணன், கிதாருக்குச் சாகிப் சிங். இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு, இசைவாணி பாடிய ‘ஐயாம் சாரி ஐயப்பா’. இந்த விஷயங்களைப் பாட்டாகக் கொண்டுவர வெளியிலிருந்து ஒரு கவிஞர் தேவைப்படவில்லை. அனுபவித்தவன் வாயிலிருந்தே வந்தது.

மேலே நான் பெயர்களை வரிசையாக எழுதியதைக் கவனியுங்கள். சட்டி அடிப்பவன் பெயர் எனக்குத் தெரிகிறது. தஞ்சாவூர் ஜில்லாவில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரிகிறது! தமிழ் இசைப்பதிவு வரலாற்றில் இது சின்ன சங்கதி இல்லை. ஆதனூர் நந்தன் பேரிகைக்குத் தோல் கொடுத்தான். இந்த நந்தன் உள்ளே உட்கார்ந்து அடிக்கிறான், பெயரோடு அடிக்கிறான்.

3

ஒலிக்கூடம் என்பது வெறும் அறை அல்ல, அதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. எங்க பெரியப்பா போய்வந்த கதையைச் சொல்கிறேன்.

பறையைக் காய்ச்ச வேண்டும். வைக்கோல் தீயில் காட்டக் காட்டத் தோல் இறுகி ஓசை மேலே ஏறும். கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும், மறுபடி காட்ட வேண்டும். ஏசி போட்ட அறையில் தீ மூட்ட முடியுமா? வெளியே வாசலில் காய்ச்சிக்கொண்டு உள்ளே ஓடினார். நாலு நிமிஷம் அடிப்பதற்குள் தோல் தொங்கிவிட்டது. காதில் ஒரு கருவியை மாட்டினார்கள். ‘டிக் டிக்’ என்று கடிகாரம் மாதிரி ஒரு சத்தம், அதற்குள்ளேயே அடிக்க வேண்டும். “பொணத்துக்கு முன்னாடி நடக்கையில பொணம் தூக்குறவன் கால பாத்து அடிப்பேன். இது யாரு கால்டா?” என்று கேட்டார்.

கடைசியாக, பறைச்சத்தம் மற்ற மைக்கிலெல்லாம் விழுகிறது என்று அவரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனி அறையில் உட்கார வைத்தார்கள். இதில் சாதி இல்லை. ஒலிப்பொறியாளர் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார், கிதார் இரைச்சலையும் அப்படித்தான் தனியாகப் பிரிப்பார்கள். எனக்கும் தெரியும். ஆனால் உடம்புக்கு ஒரு ஞாபகம் இருக்கிறதே. சத்தம் மட்டும் வேண்டும், ஆள் தள்ளி இரு என்பதை எங்க தெரு தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறது. பெரியப்பா அந்தக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாட்டுகளை இந்தக் காதோடுதான் கேட்கிறேன். மேடையில் முதலில் பாடிவிட்டு அப்புறம் பதிவுக்குப் போனது அவர்களுக்குப் பெரிய பலம். கூட்டத்துக்கு முன்னால் தாளம் ஏற்கனவே உடம்பில் ஊறிவிட்டது. ஆனாலும் குறை இருக்கிறது. ஒரு நாள் பெரியப்பாவிடம் செல்போனில் அவர்கள் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“அடிக்கிறது யாரு?”

“நந்தன்னு ஒரு தம்பி.”

“பேரு போட்டுருக்கானுவளா?”

“போட்டுருக்காங்க பெரியப்பா.”

“நல்லது. ஆனா அடி உள்ள கெடக்குதே. அந்தக் கம்பிவாத்தியம் முன்னாடி நிக்குது, பறை பின்னாடி வருது.”

இதைவிடச் சரியான இசை விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை. கிதாரும் டிரம்ஸும் பாட்டுக்கு எலும்பாக நிற்கின்றன, பறையும் சட்டியும் மேலே சதையாகப் போர்த்தப்படுகின்றன. பறையை எலும்பாக்கி, கிதார் அதைச் சுற்றி அலையவிட்டால் என்ன ஆகும்? தோல் தணியத் தணிய இறங்கும் சுருதியோடு சேர்ந்து கிதார்க் கம்பியும் இறங்கட்டுமே. பரிசோதனை என்றால் அதுவல்லவா பரிசோதனை?

4

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கப் பாடகர் பால் சைமன் 1985இல் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குப் போய்க் கறுப்பினக் கலைஞர்களோடு பதிவு செய்து, 1986இல் ‘கிரேஸ்லேண்ட்’ தொகுப்பை வெளியிட்டார். உலகமே பண்பாட்டுப் புறக்கணிப்பு செய்துகொண்டிருந்த நேரம். நியூயார்க் கலைஞர்களுக்குக் கொடுக்கும் கூலியைப்போல் மூன்று மடங்கு கொடுத்தார். ரே ஃபிரியின் கிதார் இல்லாமல், லேடிஸ்மித் பிளாக் மம்பாசோவின் குரல்கள் இல்லாமல் அந்தத் தொகுப்பு இல்லை. அவர்களுக்கும் உலகமேடை கிடைத்தது. ஆனால் அட்டையில் ஒரே பெயர்தான். இன்னொரு பக்கம், ரை கூடர் என்ற கிதார்க்காரர் விஸ்வமோகன் பட்டோடு வெளியிட்ட ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ தொகுப்பின் (1993) அட்டையில் இரண்டு பெயரும் சரிசமமாக இருக்கும். சாஸ்திரிய சங்கீதக்காரர் பக்கத்தில் வந்தால் ‘இணைந்து’, நாட்டார் கலைஞர் வந்தால் ‘மற்றும்’. உலகத்து அட்டைகளின் இலக்கணமும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது.

நம்ம வீட்டிலேயே 2021இல் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. அறிவும் தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்து, ‘மாஜா’ வெளியிட்ட பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அறிவு எழுதியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ இந்தியப் பதிப்பின் அட்டைப்படத்தில் அறிவு இல்லை. ரஞ்சித் கேள்வி கேட்ட பிறகு, எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, தனியாக ஓர் அட்டை வந்தது. 2022இல் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அவர் இல்லை. மெட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் அவர்களுக்குள் வேறுபாடு இருந்தது, அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. 2024இல் சந்தோஷ் நாராயணனே அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்குப் பணம் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆக, கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டிலும் பெயருக்கும் கூலிக்கும் சண்டை போட வேண்டியிருக்கிறது. இதை வைத்துப் பார்த்தால்தான் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவாக நின்றதன் அருமை தெரிகிறது. தனி ஆளை அட்டையிலிருந்து வெட்டலாம். பத்தொன்பது பேரை வெட்டுவது கஷ்டம்.

5

இனி நம்ம ஆட்களிடம் நாமே கேட்க வேண்டியது. பத்தொன்பது பேரில் பெண் ஒருவர்தான், இசைவாணி. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. பெருமைதான். ஆனால் ஒரே ஒருவர் என்பது பெருமையில்லை. சாவு வீட்டில் விடிய விடிய ஒப்பாரி சொல்கிறவர்கள் யார்? குனிந்த முதுகு நிமிராமல் நடவுப் பாட்டை இழுக்கிறவர்கள் யார்? எங்க பெரியம்மா மாதிரி ஆட்கள் இந்த ஜில்லாவில் வயலுக்கு வயல் இருந்தார்கள். நடவு இயந்திரம் வந்த பிறகு பாட்டுக்கு வயல் இல்லை, பாட்டுக்காரிக்கு வேலையில்லை. சென்னையின் கானா ஒலிக்கூடத்துக்குப் போய்விட்டது. காவிரிக் கரையின் பாட்டு இன்னும் வரப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது.

1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த மண் இது. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கு. அதற்கப்புறம் பறையைத் தூக்கி எறி, இனி எவன் சாவுக்கும் அடிக்காதே என்று சொன்ன தலைமுறை ஒன்று வந்தது. பெரியப்பாவும் ஏழு வருஷம் பறையைத் தொடாமல் பரணில் போட்டு வைத்திருந்தார். பறையை எடு, அது விடுதலைக் கருவி என்று சொன்ன தலைமுறையும் வந்தது. 2025இல் மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எறிந்ததும் சரி, எடுத்ததும் சரி. இரண்டிலும் முடிவு எடுத்தவன் அடிக்கிறவன். ஒலிக்கூடத்திலும் அந்த முடிவு அவன் கையில் இருக்கிறதா என்பதே என் கேள்வி. பாடுகிறது நம்ம ஆள், அடிக்கிறது நம்ம ஆள் என்பதோடு திருப்திப்பட முடியாது. ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கிற அந்த மேஜையில் யார் உட்காருகிறார்கள்? பாட்டு விற்ற காசு யார் கணக்கில் ஏறுகிறது?

டென்மா போன்றவர்கள் ஒருமுறை இந்தப் பக்கம் வரட்டும். கிதாரைத் தூக்கிக்கொண்டு திருத்துறைப்பூண்டிக்கோ கீழ்வேளூருக்கோ அறுவடை முடிந்த மாசியில் வரட்டும். களத்துமேட்டில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை, எத்தனை தரம் வேண்டுமானாலும் காய்ச்சிக்கொள்ளலாம். கண்ணாடி இல்லாமல் பதிவு செய்யட்டும். மைக்கில் மடையில் தண்ணீர் போகிற சத்தம் விழுந்தால் விழட்டும். எங்க பெரியம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. சத்தம் குறைந்திருக்கிறது, பாட்டு மறக்கவில்லை.

இந்தமுறை அட்டையை அதன் கையில் கொடுக்கும்போது என் விரலை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.