கிர்க்கின் முகம், துவாலுவின் பெயர்

ஸ்டார் டிரெக் தொடர் 1966 செப்டம்பர் 8-ஆம் தேதி அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. 79 அத்தியாயங்களோடு 1969-இல் நிறுத்திவிட்டார்கள். மறு ஒளிபரப்புகளில்தான் அது உலகத்தைப் பிடித்தது. ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்ணான உஹுராவும் ஆசிய முகம் கொண்ட சுலுவும் வெள்ளைக்காரக் கேப்டன் கிர்க்கோடு ஒரே விண்கலத்தில் சமமாக வேலை செய்தார்கள். பள்ளிவாசலும் தேவாலயமும் சீனர் கோயிலும் மாரியம்மன் கோயிலும் கூப்பிடு தூரத்தில் நிற்கும் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கப்பல் அந்நியமாகத் தெரியாது.

ஐம்பதாம் ஆண்டு நெருங்கியபோது, ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை 2015-இல் கிர்க்குக்கும் அவருடைய எண்டர்பிரைஸ் விண்கலத்துக்கும் ஒரு அவுன்ஸ் வெள்ளிக்காசுகள் அடித்தது. ஒரு பக்கம் தொடரின் படம், மறுபக்கம் எலிசபெத் ராணி, முகமதிப்பு ஒரு டாலர். ஆஸ்திரேலியாவில் அடித்த அந்தக் காசின் மேல் இருக்கும் நாட்டின் பெயர் துவாலு. பசிபிக் கடலில் ஏறத்தாழ 11,000 பேர் வாழும் தீவு நாடு அது. இதே வழியில் 2013-இல் டாக்டர் ஹூ தொடரின் ஐம்பதாம் ஆண்டுக்கு நியூசிலாந்து மிண்ட் என்ற தனியார் நிறுவனம் நியூவே தீவின் பெயரில் காசு வெளியிட்டது. அங்கே மக்கள்தொகை 2,000-கூட இல்லை.

இந்தக் காசுகளை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ப்ரூஃப் முறையில் அடித்த காசின் பின்புலம் கண்ணாடிபோல் பளபளக்கும், உருவம் மட்டும் பனி படிந்ததுபோல் வெளுத்து நிற்கும். மெருகேற்றிய அச்சில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி எடுக்கும் வேலை அது. பழங்காசுப் பக்கம் எட்டிப் பார்க்காத இளைஞர்கள் ஒரு விண்கலத்துக்காக உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் எடுக்கிறார்கள். துவாலுவுக்கும் நியூவேக்கும் உரிமத்தொகை கிடைக்கிறது. இணைய முகவரியின் கடைசியில் வரும் '.டிவி' என்ற இரண்டு எழுத்தைக் குத்தகைக்கு விட்டுச் சம்பாதிக்கும் துவாலு தன் பெயரையும் விற்றால், அந்த ஏழை நாட்டைக் குறை சொல்லக்கூடாது.

ஆனால் வெள்ளியின் மேல் வண்ணப்படம் அச்சிடும் பழக்கத்தை என்னால் ஏற்கமுடியவில்லை. கிர்க் காசில் இருப்பது வண்ண முகம். செதுக்குபவரின் திறமை மேடுபள்ளத்தில் தெரியவேண்டும். வண்ணம் பூசியதும் காசு வெறும் வெள்ளிச் சட்டத்துக்குள் ஒட்டிய புகைப்படம் ஆகிவிடுகிறது.

அடுத்த கேள்வி, காசு வெளியிடும் நாட்டுக்கும் காசில் உள்ள படத்துக்கும் என்ன உறவு என்பது. கனடா நாணயச்சாலையும் 2016-இல் கிர்க், ஸ்பாக், உஹுரா, ஸ்காட்டி ஆகியோருக்கு வெள்ளிக்காசு போட்டது. அதற்கு ஒரு நியாயம் உண்டு. கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் மான்ட்ரியலில் பிறந்தவர், ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹன் வான்கூவரில் பிறந்தவர். தஞ்சைப் பெரியகோயிலின் ஆயிரமாம் ஆண்டுக்கு இந்தியா 2010-இல் 35 கிராம் எடையில் ஆயிரம் ரூபாய்க் காசு வெளியிட்டபோதும், நாட்டுக்கும் படத்துக்கும் உள்ள உறவு வெளிப்படையாக இருந்தது. துவாலுவுக்கும் ஸ்டார் டிரெக்குக்கும் ஒப்பந்தத்தைத் தவிர வேறு தொடர்பு இல்லை. நாணயம் ஒரு நாட்டின் கையெழுத்து என்ற மதிப்பு இதனால் தேய்கிறது.

இதைவிடப் பெரிய குறை விலையில் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் ஸ்ட்ரீட் கடையில் ஒரு வெள்ளி விளக்கு வாங்கினால் முதலில் தராசைப் பார்ப்பார்கள், பிறகு செய்கூலியை வாய் ஓயாமல் பேரம் பேசுவார்கள். அதே குடும்பத்துப் பையன் விண்கலக் காசுக்கு வெள்ளி விலையைப் போலப் பல மடங்கு கொடுக்கும்போது எடை எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்ற கேள்வியே எழுவதில்லை. கணக்குக்காக ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2015-இல் ஒரு அவுன்ஸ் வெள்ளி சுமார் 15 அமெரிக்க டாலர். ஒருவர் 90 டாலருக்கு ஒரு காசு வாங்கியிருந்தால் 75 டாலர் செய்கூலியும் உரிமத்தொகையும் பெட்டியும் சான்றிதழும்தான். 2025 அக்டோபரில் வெள்ளி 50 டாலரைத் தாண்டியது. அந்த ஏற்றத்துக்குப் பிறகும், அன்று அவருடைய காசில் இருந்த உலோகம் கொடுத்த பணத்தை எட்டவில்லை. படமில்லாத சாதாரண ஒரு அவுன்ஸ் காசை 20 டாலருக்கு வாங்கியவரோ இரண்டு மடங்குக்கு மேல் கண்டுவிட்டார்.

சில காசுகள் ரசிகர்களுக்கிடையே கூடுதல் விலைக்குக் கைமாறுவது உண்மை. அந்த விலையைத் தாங்குவது ஒரு தலைமுறையின் நினைவு. 1966-இல் தொடரைப் பார்த்த சிறுவர்களுக்கு இன்று அறுபது வயதுக்கு மேல். அவர்களுக்குப் பிறகு யார் வாங்குவார்கள்? 'குறைந்த எண்ணிக்கை' என்று சான்றிதழ் சொல்வது அந்த ஒரு காசுக்கு மட்டும். அடுத்த ஆண்டு அடுத்த கேப்டன், அடுத்த கப்பல் என்று வரிசை நீளும்போது அந்த வாக்குறுதிக்குப் பொருளில்லை.

முகமதிப்பும் கைகொடுக்காது. கனடா 2011-இல் தொடங்கிய திட்டத்தில் சுமார் 8 கிராம் வெள்ளிக்காசை அதன் முகமதிப்பான 20 டாலருக்கே விற்றார்கள். அதைக்கூடத் திருப்பி வாங்கப் பல வங்கிகள் தயங்கின. ஒரு டாலர் என்று பொறித்த துவாலு காசின் கதியைச் சொல்லவேண்டியதில்லை. நம் ஊர் ஈரக் காற்றில் உறையைத் திறந்துவைத்தால் கறுக்கவும் செய்யும்.

இத்தனைக்கும் பினாங்குக்கென்று சொந்தக் காசு உண்டு. 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய சில ஆண்டுகளிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி இந்தத் தீவுக்குச் செம்பிலும் வெள்ளியிலும் காசு அடித்தது. 1810, 1825, 1828 ஆண்டுச் செப்புக்காசுகளில் ஒருபக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் ஜாவி எழுத்தில் தீவின் பெயர். வெள்ளீயக் காசுகளும் புழங்கின. துறைமுகக் கூலியின் கையிலும் செட்டியாரின் பெட்டியிலும் புரண்ட காசுகள் அவை. லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் பழங்காசு விரித்து வைத்திருப்பார்கள், போலிகளும் கலந்திருக்கும். எடைபோட்டு, விளிம்பைப் பார்த்து, தெரிந்தவரிடம் காட்டிய பிறகே வாங்கவேண்டும். அப்படித் தேடும்போது கிடைக்கும் அறிவு, பெட்டியோடு வரும் காசில் கிடைக்காது.

நாணயச்சாலைகள் செய்யவேண்டியது எளிது. உலோகத்தின் விலை எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று சான்றிதழிலேயே அச்சிடட்டும், ஒரு தொடருக்கு மொத்தம் எத்தனை வகைக் காசு என்பதை முதலிலேயே அறிவிக்கட்டும். அதுவரை கவனம் நம்முடையது. ஸ்டார் டிரெக் மேல் அன்பிருந்தால் பிடித்த ஒரு காசை வாங்குங்கள், பிள்ளைகளுக்குக் காட்டி மகிழுங்கள். சேமிப்புக்கு என்றால் எடைக்கு விற்கும் வெள்ளியை வாங்குங்கள், திரும்ப எடுத்துக்கொள்ளும் விலையை வாங்கும் அன்றே கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.