கோட்டைத் திடல் நினைவுச் சின்னமும் நடுகல் மரபும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில், பழைய கோட்டைத் திடலின் கடலோரத்தே நிற்கும் போர் நினைவுச் சின்னத்தைத் தமிழில் ‘நடுகல்’ என்று குறிப்பாருளர். செவிக்கினிய சொல்லே, பொருளுக்கு ஒக்குமா என்பதே வினா.

தொல்காப்பியப் புறத்திணையியல் கல் நாட்டுதலைப் படிப்படியாகக் காட்டும். கல்லைத் தேர்ந்து காண்பர், கொணர்வர், நீராட்டுவர், நடுவர், படையலிட்டுச் சிறப்புச் செய்வர், வாழ்த்துவர். சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்துக் காதைகள் சில இவ்வடைவிலேயே பெயர் பெற்றன. இவையனைத்துக்கும் அடிப்படை ஒன்றுண்டு: கல்லுக்குரியவன் இன்னான் என்பதை ஊர் அறியும், அவன் பெயர் கல்லில் ஏறும். வீரன் பெயர் மட்டுமோ? செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் காலத்தே எழுந்த நடுகல்லில், கள்வரை எதிர்த்த நாயொன்றின் பெயரும் உள்ளது. கோவிவன் என்பது அதன் பெயர்.

‘செனோடாப்’ என்னும் கிரேக்க வழிச் சொல்லுக்கோ வெற்றுக் கல்லறை என்பது பொருள். உடல் எங்கோ கிடக்க, ஊரில் எழுப்பும் சின்னம் அது. லண்டன் வைட்ஹாலில் லட்யன்ஸ் வரைந்து 1920இல் கல்லாய் நிலைத்த சின்னமே பலவற்றுக்கு முன்மாதிரி. பினாங்குச் சின்னம் முதல் உலகப் போரில் மாண்டோர்க்காக 1929இல் எழுந்தது. வரைந்தவர்கள் சுவான் மெக்லாரன் நிறுவனத்தார். இரண்டாம் போரின்போது அது நேச நாட்டாரின் குண்டுவீச்சிலேயே சிதைந்ததும், 1948இல் மீண்டும் எழுந்ததும் விதியின் குறும்பு போலும். பின்னர் இரண்டாம் உலகப் போர், சயாம் மரண ரயில், அவசரகாலம், இந்தோனேசிய மோதல் ஆகியவற்றில் மாண்டோரும் அச்சின்னத்தின் நினைவுக்குள் வந்தனர்.

கோலாலம்பூர்த் தேசிய நினைவுச் சின்னம் வேறு வகை. பெலிக்ஸ் டி வெல்டன் வடித்து 1966இல் திறக்கப்பட்ட அவ்வெண்கலச் சிலையில் ஏழு உருவங்கள் உண்டு. அவை தலைமை, ஒற்றுமை, துணிவு, தியாகம் முதலிய பண்புகளின் உருவகம். வேலைப்பாடு சிறந்ததே. ஆயினும் பண்புக்கு முகம் தந்த சிற்பி மனிதனுக்குப் பெயர் தரவில்லை. அம்முகங்களில் இந்நாட்டுச் சாயலும் குறைவு. இவ்வகையில், உருவமே இல்லாத பினாங்குக் கல் ஒரு படி மேல். அது யாரையும் போல் நடிப்பதில்லை.

இனிச் சயாம் மரண ரயிலுக்கு வருவோம். 1942 முதல் 1943 வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அப்பாதை போடப்பட்டது. போர்க் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் இறப்பு ஏறத்தாழ 90,000 என்று மதிப்பிடுவர். அவர்களுள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பெருந்தொகையினர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகள் வரிசையாக உறங்குகின்றனர். பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த பலகையும் உண்டு. தோட்டப் பாட்டாளிக்கு அத்தகைய வரிசையில்லை. படைவீரர்க்கென எழுந்த கோட்டைத் திடல் சின்னத்தில் ‘மரண ரயில்’ என்பதைக் காண்பவர் கைதியை நினைப்பாரா, பால்மரம் சீவியவனையும் நினைப்பாரா? கல் விடை சொல்லவில்லை.

2023இல் காஞ்சனபுரியிலேயே இத்தமிழர்க்காக நடுகல் நாட்டப்பட்டது. போரில் வீழாதார்க்கு நடுகல் ஏது என்று இலக்கணம் காட்டித் தடுப்பார் இருக்கலாம். அத்தடை வலுவற்றது, நாய்க்கும் இடந்தந்த மரபு பாட்டாளிக்கு இடந்தர மறுக்குமோ? உண்மையான குறை வேறு. தனித்தனிப் பெயர் ஏறாதவரை அக்கல்லும் ஓரளவு வெற்றுக் கல்லறையே. அ. ரெங்கசாமி மரண ரயிலைப் பற்றிய தம் நாவலுக்கு ‘நினைவுச் சின்னம்’ என்றே பெயரிட்டார். அங்கு மாந்தர்க்குப் பெயருண்டு, ஊருண்டு, தோட்டமுண்டு. கற்பனைப் பெயர்களே எனினும், கோட்டைத் திடலில் நிற்கும் மாணவனுக்கு ஆசிரியர் முதலில் அந்நூலைக் கையில் தரலாம்.