மூக்குத் தேய்ந்த மரப்பாச்சி

பழைய பொம்மை சேர்க்கிறவங்க நம்ம பக்கமும் பெருகிட்டாங்க. நல்ல விஷயம்தான். ஆனால் அவர்கள் பொம்மையை மதிப்பிடும் முறை எனக்கு ஒப்பவில்லை. கீறல் இருக்கா, பெயிண்ட் போயிருக்கா, பெட்டி இருக்கா – இவ்வளவுதான் கேள்வி.

இந்த அளவுகோல் கார் பொம்மைகளிலிருந்து வந்தது. 1953-ல் இங்கிலாந்தில் தொடங்கிய மேட்ச்பாக்ஸ், 1968-ல் அமெரிக்காவில் வந்த ஹாட் வீல்ஸ் எல்லாம் ஒரே அச்சில் லட்சக்கணக்கில் வார்த்தவை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம், எது கெடாமல் இருக்கிறது என்பது மட்டும்தான். அங்கே அது நியாயம். மரப்பாச்சிக்கும் சொப்புச் சாமானுக்கும் அதையே போட்டால் எப்படி?

மரப்பாச்சி ஜோடியாகக் கல்யாணச் சீரில் வரும். நவராத்திரிக்குக் கொலுப்படி ஏறும். மற்ற நாளெல்லாம் பிள்ளைகள் கையில்தான். மூக்கு மழுங்கி, இடுப்பு வழவழப்பாகி இருந்தால் அது சேதம் இல்லை. அந்த வீட்டில் அது இருந்ததற்கான சாட்சி. தேயாத மரப்பாச்சி, யாரும் விளையாடாத மரப்பாச்சி. அதுக்குப் போய்க் கூடுதல் விலை!

இந்த ஆசை தெரிந்துதான் விற்பவர்கள் சொப்புக்குப் புது பெயிண்ட் அடிக்கிறார்கள். கடைசலில் சுற்றும்போதே அரக்கை அழுத்தி ஏற்றிய நிறம் நாளாக ஆக மெலியும். மேலே அடித்த பெயிண்ட் செதிலாக உதிரும். இன்னொரு பக்கம், பழசாகக் காட்ட உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் உண்டு. அந்தத் தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். பிள்ளைக் கை அப்படித் தேய்க்காது. பிடிக்கிற இடம் மழுங்கும், இடுக்கில் எண்ணெய் அழுக்கு தங்கும். செம்மரமா என்பதற்குக் கனமே சொல்லிவிடும். வைரம் பாய்ந்த செம்மரம் தண்ணீரில் மூழ்கும்.

இதெல்லாம் போட்டோவில் தெரியாது. வியாழக்கிழமை எங்க அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு வந்து பாருங்க. பல்லைப் பார்க்காமல், முதுகைத் தடவாமல் யாரும் விலை பேச மாட்டாங்க. பொம்மைக்கும் அதே மரியாதை வேண்டாமா? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு நேரில் போகச் சொல்வது அதனால்தான்.

நேரில் போனாலும் பலர் விலையை மட்டும் பேசிவிட்டுத் திரும்புகிறார்கள். எந்த ஊர், எந்த வீடு, கூட வேறென்ன வந்தது என்று கேட்பதில்லை. இடித்த செட்டிநாட்டு வீட்டிலிருந்து சாமான் கடைக்கு வந்த சில நாளுக்குத்தான் அந்த விவரம் கடைக்காரர் நினைவில் இருக்கும். அப்புறம் எல்லாமே 'செட்டிநாட்டுப் பழசு' ஆகிவிடும்.

'நூறு வருஷப் பொம்மை' என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த கைவினைப் பொருளும் தொல்பொருள்தான். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். வயசு சொல்பவரிடம் உரிமத்தைக் கேளுங்க. பல நேரம் வயசு சட்டுனு குறையும்.

எனக்கு மிக வருத்தம், ஜோடியைப் பிரித்து விற்பதுதான். ஆண் ஒருத்தர் வீட்டு அலமாரியில், பெண் இன்னொருத்தர் வீட்டில். வாங்குகிறவர் "இதோட ஜோடி எங்கே?" என்று கேட்டாலே பாதி ஜோடிகள் பிரியாது. கேளுங்க.