முன்னை வேடத்தின் நிழல்

மேடையேறிய மனிதனை மறந்து, அவன் பூண்ட பாத்திரத்தை மாத்திரமே காண்போர் காணவேண்டும் என்பது திறனாய்வாளர் பலர் கொண்ட கொள்கை. கேட்பதற்கு இனிதாயினும், அரங்கிலும் படமாளிகையிலும் நிகழ்வதோடு இக்கொள்கை பொருந்துவதன்று. நடிகன் ஒருவன் முன்னர் ஏற்ற வேடங்கள் யாவும் அவன் பின்னர் ஏற்கும் வேடத்தின்மேல் நிழலாக விழுகின்றன. அந்நிழல் சுவைக்கு இடையூறா, அன்றிச் சுவையின் ஒரு பகுதியா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த மாதோட்டக் கரையிலும் கூத்துப் பார்த்து வளர்ந்தோர்க்கு இவ்வினா புதிதன்று. வடபாங்கு, தென்பாங்கு என இருவகையாக அங்கு வழங்கும் கத்தோலிக்க நாட்டுக்கூத்துக்கள் விடியவிடிய ஆடப்படும் நெடுங்கூத்துக்கள். சு. வித்தியானந்தன் பதிப்பித்து 1964 ஆம் ஆண்டில் அச்சேறிய என்றீக்கு எம்பரதோர் நாடகத்தைப் புரட்டுவோர் அவற்றின் பரப்பை ஒருவாறு உணர்வர். இத்தகைய பெருங்கூத்தில் அரசன் வேடத்தை ஒருவனே முற்றும் ஆடுவதில்லை. ஒருவன் விட்ட இடத்திலிருந்து மற்றொருவன் அவ்வரசனாகவே வந்து தொடர்வான். பாத்திரம் ஒன்று, ஆடுவோர் பலர். அவையோர் அவர்கள் அனைவரையும் அறிவர். பகலில் வலை இழுத்தவன் இரவிற் சக்கரவர்த்தியாக வருகின்றான். அவன் தந்தை அதே வேடத்தில் எவ்வாறு பாடினான் என்பதை முதியோர் மறவார். மகனுக்கு அக்குரல் வாய்க்கவில்லையென்று அருகிலிருப்போரிடம் சொல்லவும் செய்வர். அதனாற் கூத்தின் சுவை கெட்டுவிடுகின்றதா? இல்லை. ஒப்புநோக்கிக் கேட்பதே அங்குச் சுவையாகின்றது.

இனி, பேசாலையிற் புகழ்பெற்ற உடக்குப் பாஸ் என்னும் நிகழ்ச்சியையும் நோக்குதல் தகும். கிறிஸ்துவின் பாடுகளை உருவங்களைக் கொண்டு காட்டுவது அது. உருவத்திற்கு முன்னை வேடம் என ஒன்றில்லை. நேற்றுச் சந்தையிற் சண்டையிட்டதும் இல்லை. காண்போர் நெஞ்சில் வேறொரு நினைவும் குறுக்கிடாத தூய்மை அதற்கு உண்டு. பாத்திரத்தை மாத்திரமே காணவேண்டும் என்பார் கொள்கை முற்றும் நிறைவேறும் இடம் இஃதொன்றே போலும்.

சினிமாவோ கூத்தின் மறுதலை. அங்கு நடிகன் ஒருவன், பாத்திரங்கள் பல. தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட கடல் சிறிது. தமிழகத்து வானொலியிற் பாடும் பாட்டும் பேசும் வசனமும் கடல் கடந்து இக்கரைக்கு எட்டுவன. ஆதலின் படம் வந்து சேருமுன்னரே நடிகனின் குரல் வீட்டுக்குள் வந்து பழகிவிடுகின்றது. புதுப்படத்தைக் காணச் செல்வோன் புதியவன் ஒருவனைக் காணச் செல்வதில்லை; பழகியவன் இம்முறை என்ன செய்கின்றான் என்று காணவே செல்கின்றான்.

இதனால் நன்மை விளைந்த இடமும் உண்டு. எஸ். ஜி. கிட்டப்பா 1933 இல் மறைந்தபின் வெண்ணிற ஆடையே பூண்டு வாழ்ந்தவர் கே. பி. சுந்தராம்பாள். 1953 இல் ஔவையார் படத்தில் அவர் தோன்றியபோது, துறவுக்கோலம் ஒப்பனையாளர் தந்ததாகத் தோன்றவில்லை. 1964 இற் பூம்புகாரிற் கவுந்தியடிகளாகவும், 1965 இல் திருவிளையாடலில் மீண்டும் ஔவையாகவும் வந்தபோது அறிமுகம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவர் வாய் திறக்குமுன்னரே அவையோர் பணிந்துவிட்டனர். இயக்குநர் உழைத்துப் பெறவேண்டியதை அவருடைய கடந்தகாலம் இலவசமாகத் தந்தது.

ஆயின் அதே நினைவு கொடுமையும் செய்யும். கண்டிப் பகுதியிற் பிறந்து தமிழகத்தின் முதலமைச்சராகவும் உயர்ந்த எம். ஜி. இராமச்சந்திரன், 1962 இல் வெளிவந்த பாசம் படத்தின் முடிவில் இறப்பதை இரசிகர் ஏற்கவில்லை. கதை அம்முடிவை வேண்டிற்று. அவருடைய முன்னைய வேடங்கள் அதனைத் தடுத்தன. ஒரு நடிகனுக்குச் சாகும் உரிமையைக்கூட மறுக்கும் அன்பை என்னவென்பது!

அந்த நாள் என்னும் படத்தின் வரலாறு இதனினும் சிந்திக்கத்தக்கது. 1943 இற் சென்னையின்மீது யப்பானியர் குண்டு வீசியதைப் பின்னணியாகக் கொண்டு, எஸ். பாலச்சந்தர் 1954 இல் இயக்கிய அப்படத்திற் பாட்டு ஒன்றேனும் இல்லை. பராசக்தியிலும் மனோகராவிலும் அநீதியை எதிர்த்து முழங்கிய சிவாஜி கணேசன் அதில் நாட்டைக் காட்டிக்கொடுக்கும் வானொலிப் பொறியியலாளன். தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறப்பவன். முதல் வெளியீட்டில் அது போதிய வருவாய் ஈட்டவில்லை. பாட்டின்மை ஒரு காரணமாகலாம். நேசித்தவனைத் துரோகியாகக் காணும் மனக்கசப்பும் மற்றொன்றாதல் கூடும். ஐந்து ஆண்டுகளின் பின் அவரே வீரபாண்டிய கட்டபொம்மன் ஆனார். இன்று அந்த நாளைக் காண்போன் கட்டபொம்மனை அறிந்த பின்னரே அதனைக் காண்கின்றான். அந்நியனுக்குத் தலைவணங்கா அம்மீசை நினைவில் நிற்க, நாட்டை விற்கும் இவ்விளைஞன் முகத்தை நோக்குங்கால், 1954 இல் எவருக்கும் கிட்டியிராத ஓர் அச்சம் அவனுக்குக் கிட்டுகின்றது. ஆகவே முன்னை வேடம் பின்னதைப் பாதிப்பது போலவே, பின்னை வேடமும் முன்னதன்மேல் நிழல் வீசும் என்க.

எம். என். நம்பியார் 1982 இல் தூறல் நின்னு போச்சு படத்தில் நல்லவராக வந்தபோது எழுந்த சிரிப்பும் இவ்வகையினதே. பல்லாண்டு கைபிசைந்து சூழ்ச்சி செய்தவர் பரிவோடு பேசுவதே ஒரு வேடிக்கை. அவரை முன் அறியாதான் அங்குச் சிரிக்கக் காரணம் காணான்.

இந்நிழலைக் கருவியாகவே கொண்டு செய்யப்பட்ட படம் பாரதிராஜாவின் முதல் மரியாதை. 1985 இல் வெளிவந்த அப்படத்திற் சிவாஜி கணேசன் ஏற்ற மலைச்சாமி என்னும் ஊர்ப்பெரியவர் முழங்குவதில்லை. நீண்ட வசனம் பேசுவதில்லை. இல்லத்துத் துயரை விழுங்கிக்கொண்டு ஆற்றங்கரையில் நடப்பவர். அவருக்குப் பதிலாக ஆற்றல்மிக்க, ஆனால் முன்னறியப்படாத ஒரு நடிகர் அவ்வாறே அடங்கி நடித்திருப்பின், அவ்வமைதி வெறும் அமைதியாகவே நின்றிருக்கும். கட்டபொம்மனின் குரலைக் கேட்டிருந்தவர்க்கே அடக்கப்பட்டது எதுவென்று தெரியும். இளவட்டக் கல்லை அவர் தூக்கும் காட்சியில் முதுமையடைந்த மலைச்சாமியோடு, முப்பதாண்டுக்கு மேலாகத் திரையிற் கண்ட ஒருவரின் முதுமையையும் காண்போர் சேர்த்தே காண்கின்றனர்.

பழைய படங்களைக் காணாத இளைஞன் ஒருவன் முதல் மரியாதையை முதலிற் கண்டால் கதையில் அவனுக்கு எக்குறையும் நேராது. நல்ல பெரியவர் ஒருவரைக் கண்டு மகிழ்வான். பின்னொருநாள் அவன் வீரபாண்டிய கட்டபொம்மனைக் காண நேரின், இம்மனிதர் ஏன் இவ்வளவு உரத்துப் பேசுகின்றார் என்று தந்தையை வினவுதல் கூடும். தந்தையோ அக்குரலுக்காகவே அப்படத்தை மறுமுறையும் போடச் சொல்பவர்.