பார்க்கரின் செங்கல்லும் பார்க்கரின் அனுமானமும்

'பண்டைய நாகரிகம்' என்று தலைப்பிட்ட ஆய்வுக் கட்டுரைகளுக்கு நம்மட பகுதியில் எப்போதும் பஞ்சம் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், எழுதுவினைஞர், போடியார் என்று தொல்லியலை முறையாகப் படிக்காத பலர் சொந்தக் காசைச் செலவழித்து எழுதுகிறார்கள். 'பட்டம் இல்லாதவர் எழுத்து' என்று இவர்களைத் தள்ளிவிடுவோர் ஒரு புறம். 'எழுதினவர் நம்மட ஆள்' என்று ஒரு வரியையும் சோதிக்காமல் தலையில் வைத்துக் கொண்டாடுவோர் மறு புறம். இரண்டுமே வாசிப்பு அல்ல. இவ்வகை எழுத்தை எடைபோட ஒரு படிக்கல் தேவை. அதற்காக இலங்கையில் இத்துறையின் முன்னோடியான ஹென்றி பார்க்கரை எடுத்துக்கொள்கிறேன்.

பார்க்கர் பிரித்தானியர் காலத்து நீர்ப்பாசனப் பொறியியலாளர். தொல்லியல் அவரது உத்தியோகம் அல்ல. குளம் திருத்தப் போன இடங்களில் கண்டதை அளந்து, வரைந்து, எழுதிவைத்தார். திஸ்ஸமஹாராமையில் கண்டவை பற்றிய அவரது அறிக்கை 1884இல் ராஜரீக ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் வந்தது. 1909இல் 'ஏன்சியன்ட் சிலோன்' என்ற பெரிய நூல் இலண்டனில் வெளியானது. வேடர், பழைய தெய்வம், தாதுகோபம், குளம், கல்வெட்டு, நாணயம், ஆயுதம், விளையாட்டு என்று அதில் அவர் தொடாத விடயம் குறைவு.

அந்த நூலில் இன்றும் உயிரோடு இருப்பது குளங்களைப் பற்றிய பகுதிதான். பெரிய குளங்களின் கட்டுக்குள் துருசோடு சேர்த்துக் கட்டப்பட்ட சதுரமான கிணறு ஒன்று உண்டு. சிங்களத்தில் பிசோகொட்டுவ என்பார்கள். அது எதற்கு என்று பலரும் குழம்பிய காலத்தில், ஆழமான குளத்திலிருந்து பெரும் அழுத்தத்தோடு வரும் நீரைக் கட்டுப்படுத்தும் இடம் அது என்று பார்க்கர் விளக்கினார். ஐரோப்பாவின் நீர்த்தேக்கங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழக்கத்துக்கு வந்த வால்வுக் கிணற்றை இந்த நாட்டுப் பொறியியலாளர் 2000 ஆண்டுகளுக்கு மேல் முந்தியே அறிந்திருந்தனர் என்பது அவரது முடிவு. காலக்கணிப்பில் நாம் அவரோடு முரண்படலாம். ஆனால் கிணற்றின் நீளம், அகலம், அது கட்டில் நிற்கும் இடம் ஆகியவற்றை அவர் எழுதி வைத்திருக்கிறார். அவரோடு முரண்படுகிறவருக்கும் அந்த அளவுகள்தான் உதவுகின்றன.

செங்கல் விடயமும் இப்படித்தான். பழைய செங்கல் பெரிது, காலம் போகப்போக அது சிறுத்து வந்தது என்று கண்டு, செங்கல்லின் அளவைக் கொண்டு கட்டடங்களுக்குக் காலம் சொல்ல முயன்றார். இடிந்த கட்டடத்தின் கல்லை எடுத்துப் புதியதைக் கட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிற வேலை. ஆகவே பெரிய செங்கல் இருப்பதால் மட்டும் கட்டடம் பழையதாகிவிடாது. கணக்கு தளம்பும் இடம் அது. ஆனாலும் எந்த இடத்தில் எந்த அளவுச் செங்கல் என்ற பதிவு தளம்பவில்லை. முடிவு விழுந்தாலும் அதற்கு அடியில் கிடந்த பதிவு நமக்கு மிஞ்சுகிறது.

இனி அவர் சறுக்கிய இடம். விளையாட்டுகள் பற்றிய அத்தியாயத்தில் எகிப்தின் குர்னாக் கோயிலுக்குப் போகிறார். அதன் கூரைக் கற்களில் விளையாட்டுக் கட்டங்கள் கீறப்பட்டிருப்பதை விவரிக்கிறார். சில கட்டங்கள் கல்லின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தன. ஆகவே கல்லைக் கூரையில் ஏற்ற முதலே கொத்தர்கள் அவற்றைக் கீறியிருக்க வேண்டும், எனவே அவை கோயில் எழுந்த காலத்தவை, கி.மு. 1400 அளவில் என்றார். எச். ஜே. ஆர். மரே 1952இல் எழுதிய விளையாட்டு வரலாறும், பின்வந்த பல நூல்களும் இதை அப்படியே எடுத்து எழுதின. பிற்கால ஆய்வாளர் ஒருவர், அதே கற்களில் கொப்டிக் கிறிஸ்தவச் சிலுவைகளும் கீறப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். கோயில் எழுந்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிறகு வந்தவர்களும் அங்கே கீறியிருக்கிறார்கள் என்றால், கட்டத்துக்குக் கோயிலின் வயதை எப்படிக் கொடுப்பது?

இங்கே நம்மட முஹத்திஸ்களை நினைக்காமல் இருக்க முடியாது. ஒரு செய்தி பத்துக் கிதாபில் கிடக்கிறது என்பதற்காக அதற்குப் பத்துச் சாட்சி என்று அவர்கள் எண்ணவில்லை. அறிவிப்பாளர் தொடரைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். பத்துத் தொடரும் ஒரே ஆளில் போய் முடிந்தால் சாட்சி ஒன்றுதான். குர்னாக் கட்டத்தின் கதையும் அதுதான். எத்தனை நூலில் வந்தாலும் தொடர் பார்க்கரில் போய் நிற்கிறது. தொல்பொருளுக்கும் இஸ்னாத் உண்டு. எங்கே கிடந்தது, எத்தனை அடி ஆழத்தில், எந்த மண் படையில், பக்கத்தில் என்ன, எடுத்தவர் யார் என்பவையே அந்த இஸ்னாத். அது அறுந்தால் பொருள் அழகாக இருக்கும், ஆனால் பேசாது.

சரி, பட்டம் பெற்றவரிடம் இந்தக் குறை இராதா? இந்த நாட்டின் கல்வெட்டியலில் பேராசிரியர் பரணவிதானவுக்கு மேல் ஒருவரைச் சொல்வது கஷ்டம். அவரே கடைசிக் காலத்தில், கல்வெட்டு வரிகளுக்கு இடையில் நுண்ணிய வேறு வரிகள் இருப்பதாகச் சொல்லி, அவற்றைக் கொண்டு இலங்கை–மலேசியத் தொடர்பு வரலாற்றை எழுதினார். மற்றவர் கண்ணுக்கு அந்த வரிகள் தெரியவில்லை. ஆர். ஏ. எல். எச். குணவர்தன போன்றோர் அந்த வாசிப்பை மறுத்தனர். ஆகவே கோடு பட்டம் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் நடுவில் இல்லை. இன்னொருவர் போய்ப் பார்க்கக்கூடியதை எழுதியவருக்கும், எழுதியவர் மட்டுமே காணக்கூடியதை எழுதியவருக்கும் நடுவில்தான் அது கிடக்கிறது.

பார்க்கர் தொடங்கிய திஸ்ஸமஹாராமையில் நூறு ஆண்டு கழித்து ஜேர்மன் தொல்லியலாளர் படை படையாக அகழ்ந்தார்கள். கி.மு. 200 அளவைச் சேர்ந்த படையில் பிராமி எழுத்துப் பொறித்த ஓட்டுத்துண்டு ஒன்று கிடைத்தது. அதைத் தமிழாக ஐராவதம் மகாதேவன் 2010இல் வாசித்தார். வேறு விதமாக வாசித்தோரும் உண்டு. வாசிப்பில் சண்டை இருக்கலாம். எந்தப் படை என்பதற்குப் பதிவு இருப்பதால் அந்தச் சண்டைக்கு ஒரு தரை இருக்கிறது. மாறாக, முஸ்லிம்களின் வரலாற்றுக்கு இன்றியமையாத காலி மும்மொழிக் கல்லைப் பாருங்கள். 1409ஆம் ஆண்டுக்குரிய அந்தச் சீன, தமிழ், பாரசீகக் கல் 1911இல் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தபோதுதான் பொறியியலாளர் ஒருவரின் கண்ணில் பட்டது. கல் பிழைத்தது. முதலில் அது நாட்டப்பட்ட இடம் நமக்குப் பிழைக்கவில்லை.

கிழக்கில் இது வெறும் புலமை விளையாட்டு அல்ல. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, முதல் நியமனத்தில் தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. ஒரு செங்கல் காணிக்கு உரித்துக் கேட்கிற காலம் இது. அதற்குப் பதிலாக 'நாங்கதான் முதல் வந்த ஆக்கள்' என்று நாமும் ஒரு கட்டுரை எழுதினால் பயன் இல்லை. தமிழர் எழுதுவதும் முஸ்லிம்கள் எழுதுவதும் சிங்களவர் எழுதுவதும் இந்த நோயில் ஒண்டுக்கொண்டு சளைத்தவை அல்ல.

குருக்கள்மடத்தில் பாதை ஏறி அம்பிளாந்துறையில் இறங்கினால் படுவான்கரை. அங்கே உழவில் பழைய ஓட்டுத்துண்டு மேலே வந்தால் புதினம் இல்லை. கண்டவர் தோண்டக்கூடாது. அனுமதியில்லாத அகழ்வு 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம். வயலின் பெயர், எல்லையிலிருந்து எத்தனை முழம், எந்த நாள், அளவுகோலோடு ஒரு படம் என்று குறித்துவைக்கலாம். நாகரிகத்தின் பெயரைப் பிறகு பார்க்கலாம்.

குருக்கள்மடம் என்றவுடன் இச்சஞ்சிகையின் வாசகருக்கு வேறொரு நினைவு வரும். 1990 ஜூலையில் விடுதலைப் புலிகளால் கடத்திக் கொல்லப்பட்ட காத்தான்குடி முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் இங்கே புதைக்கப்பட்டதாக உறவுகள் சொல்லிவருகின்றன. அகழ்ந்து எடுக்கவேண்டும் என்ற கோரிக்கை 2014இல் களுவாஞ்சிகுடி நீதவான் நீதிமன்றம் வரை போனது. அந்த மண்ணுக்கும் வேண்டியது இதே ஒழுங்குதான். எந்தப் படை, எந்த ஆழம், பக்கத்தில் என்ன, பார்த்த சாட்சி யார். தாறுமாறாகத் தோண்டினால் யாருக்கும் நீதி கிடைக்காது. 2000 வருசத்து ஓட்டைக் கையாளும் ஒழுக்கத்தை நாம் பழகிக்கொள்ளாவிட்டால், நேற்றுப் புதைத்த நம்மட ஆக்களுக்குச் சாட்சி சொல்லும் மண்ணை எப்படிக் கையாளப்போகிறோம்?

ஆகவே பார்க்கரைப் படியுங்கள். அவர் அளந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அனுமானித்ததைத் தொடர் பிடித்துச் சோதியுங்கள். நம்மூர் ஆய்வாளர் தரும் அடுத்த கட்டுரையிலும் முதலில் தேடவேண்டியது முடிவுரையை அல்ல. எங்கே, எவ்வளவு, யார் கண்டது என்ற மூன்றையும் தேடுங்கள். அவை இருந்தால் கட்டுரை பிழைக்கும்.