ஆறாம் எண் பந்து

பெண்கள் கூடைப்பந்தில் ஆடப்படும் பந்துக்கு எண் 6. சுற்றளவு சுமார் 72 செ.மீ., எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஆண்களின் 7-ஆம் எண் பந்தைவிட இது சுற்றளவில் மூன்று நான்கு செ.மீ. சிறியது, எடையிலும் குறைந்தது. ஆனால் வளையம் இருவருக்கும் ஒன்றுதான்: தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரம், 45 செ.மீ. விட்டம். ஆடுகளமும் அதே 28-க்கு 15 மீட்டர்.

பெண்கள் ஆட்டத்தின் அழகு இந்த அளவுகளிலிருந்தே தொடங்குகிறது. பந்து சிறியது என்பதால் விரல்களுக்கு நன்றாக அடங்கும். வளையமோ எட்டாத உயரத்தில் இருக்கிறது. எகிறிப் பந்தை உள்ளே திணிக்கும் ஆட்டத்துக்கு இங்கே ஏறக்குறைய இடமில்லை. ஆகவே ஒவ்வொரு புள்ளியையும் கால்வைப்பாலும் கைமாற்றாலும் நேரம் பார்ப்பதாலும்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. உயரமான ஆட்டக்காரிகளைத் தேடிச் சேர்க்க வசதியில்லாத சிறு கல்லூரி அணிகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். கூடைப்பந்தை ரசிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் மாநகர உள்ளரங்கத்தைவிட, மாவட்டத் தலைநகர் ஒன்றின் சிமென்ட் தளத்தில் தொடங்குவதே நல்லது.

இந்த ஆட்டம் கல்லூரி வளாகத்திலேயே பிறந்தது. 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இதை உருவாக்கினார். அடுத்த ஆண்டே ஸ்மித் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரென்சன் தம் மாணவிகளுக்கு ஏற்றபடி விதிகளை மாற்றி ஆடவைத்தார். ஒருவர் கையிலிருந்து பந்தைப் பிடுங்கக் கூடாது, அவரவர் தத்தம் பகுதிக்குள்தான் நிற்க வேண்டும் என்பவை அவர் வகுத்த விதிகள். 1896 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவிகள் மோதிய முதல் கல்லூரிகளிடைப் போட்டி 2-1 என்ற கணக்கில் முடிந்தது. பிடுங்குவதற்குத் தடையிருந்த அந்தக் காலத்தில்தான் பெண்கள் கூடைப்பந்து கைமாற்றத்தை நம்பி வளர்ந்தது. விதிகள் மாறிவிட்டன, அந்த நம்பிக்கை நல்ல அணிகளிடம் இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு ஆட்டத்தைக் கொண்டுவந்ததில் ஒய்.எம்.சி.ஏ.வுக்கும், 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரிக்கும் பெரும்பங்கு உண்டு. அங்கே பயின்று வெளியூர்ப் பள்ளிகளுக்குப் போன உடற்கல்வி ஆசிரியர்கள் பந்தையும் கூடவே கொண்டுபோனார்கள்.

முதலில் சொன்ன மாவட்டத் தலைநகர்களில் ஒன்று கள்ளக்குறிச்சி. கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்குப் பக்கத்தில் இருக்கும் வடக்கனந்தலிலிருந்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு அதுதான் கைக்கெட்டும் ஊர். கரும்பும் மரவள்ளியும் விளையும் இந்தப் பகுதி, 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. இங்குள்ள கல்லூரிகள் முன்பு வேலூரிலிருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. இப்போது சிதம்பரத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. விளையாட்டுக்கும் இந்த மாற்றத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கல்லூரிகளிடைப் போட்டியில் யாரோடு மோதுவது, எந்தப் பல்கலைக்கழகத்தின் சீருடையை அணிவது என்பதெல்லாம் அதைப் பொறுத்தவை. மலையடிவாரத்துப் பெண்ணுக்கு இப்போது கனவு கிழக்கே, கடலோரப் பக்கம் திரும்பியிருக்கிறது.

பருவம் ஜூன், ஜூலையில் மாணவர் சேர்க்கையோடு தொடங்கும். பழைய மூன்றாமாண்டு மாணவிகள் போய்விட்டிருப்பார்கள். அணியின் முதுகெலும்பும் அவர்களோடு போயிருக்கும். மூன்றாண்டுப் பட்டப்படிப்பு சிறு கல்லூரி அணிக்குப் போடும் கணக்கு இது. முதலாண்டில் ஒருத்தி ஆட்டத்தைக் கற்கிறாள், இரண்டாமாண்டில் ஆடுகிறாள், மூன்றாமாண்டில் ஆட்டுவிக்கிறாள், அடுத்த ஆண்டு இல்லை. ஆகவே புதிய பருவத்தில் முதலில் பார்க்க வேண்டியது, போன ஆண்டு இரண்டாமாண்டு படித்தவர்களில் பந்தை நடத்திச் செல்லும் ‘பாயின்ட் கார்டு’ யாராவது மிச்சமிருக்கிறாரா என்பதுதான். அவர் இருந்தால் மற்ற இடங்களைப் புதுமுகங்களைக் கொண்டு நிரப்பிவிடலாம். அவர் இல்லாத அணி உயரமான இருவரை வைத்திருந்தாலும் அரைப் பருவத்தைத் தடுமாற்றத்திலேயே கழிக்கும்.

செலக்ஷன் நாளில் களத்துக்கு வரும் புதுமுகங்களில் பலர் அதுவரை கூடைப்பந்தைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஊர்ப்புறப் பள்ளிகளில் கோ-கோவும் கபடியும் வாலிபாலும்தான் அதிகம். அனுபவமுள்ள உடற்கல்வி இயக்குநர் இதைக் குறையாக எண்ணுவதில்லை. கோ-கோ ஆடியவளுக்குச் சட்டென்று நிற்கவும் உடல் தாழ்த்தித் திரும்பவும் தெரியும். கபடி ஆடியவள் எதிராளியின் இடுப்பைப் பார்ப்பாள், முகத்தைப் பார்த்து ஏமாற மாட்டாள். வாலிபால் ஆடியவளுக்கு எகிறும் நேரம் பழக்கம். வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்தை, அதாவது ‘ரீபவுண்டை’, எடுக்க அவளே தகுந்தவள். கையைப் பழக்கச் சில மாதங்கள் போதும். கால் பழகியிராவிட்டால் மூன்றாண்டும் போதாது.

கூடைப்பந்தின் இலக்கணம் காலில்தான் இருக்கிறது. பந்தைப் பிடித்து நின்றவள் ஒரு காலை ஊன்றியே வைக்க வேண்டும். மற்றக் காலை எப்படியும் திருப்பலாம். இதுவே ‘பிவட்’. ஊன்றிய கால் நழுவினால் ‘டிராவலிங்’, பந்து எதிரணிக்குப் போய்விடும். இந்த ஒற்றைக் கால் சிறைக்குள் ஒரு நல்ல ஆட்டக்காரி செய்கிற வேலை வியப்புக்குரியது. முன்னால் ஓர் அடி வைப்பாள், தடுப்பவள் பின்வாங்குவாள். அந்த அரை விநாடியில் இடுப்பைத் திருப்பி இடைவெளி எடுத்துக்கொள்வாள். தடுப்பவளின் நிலையோ பரதத்தின் அரைமண்டிக்கு நெருங்கிய உறவு: முழங்கால் மடிந்து, முதுகு நிமிர்ந்து, எடை முன்பாதத்தில். அப்படியே பக்கவாட்டில் கால்களைக் குறுக்கிடாமல் நகர வேண்டும். ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியிலும் ஒரு பெண் அந்த மடிப்பைத் தளர்த்தாமல் இருந்தால், மார்கழிக் குளிரில் பனி ஈரத்தில் அவள் காலைப் பயிற்சிக்கு வந்திருக்கிறாள் என்று அறியலாம்.

காலின் சிக்கனம் சிறு அணிக்கு உயிர்நாடியும்கூட. ஓர் அணியில் 12 பேர் இருக்கலாம். சிறு கல்லூரி எட்டுப் பேரோடு வந்து இறங்குவதும் உண்டு: ஒருத்திக்குத் தேர்வு, ஒருத்தியின் வீட்டில் அனுமதி இல்லை, ஒருத்திக்குக் கணுக்கால் வீக்கம். ஐந்து தவறு செய்தவள் வெளியேற வேண்டும் என்ற விதி இத்தகைய அணியை மிகவும் பயமுறுத்தும். ஒரு கால்பகுதியில் அணியின் தவறுகள் நான்கை எட்டினால் அடுத்த தவறு ஒவ்வொன்றுக்கும் எதிராளிக்கு இரண்டு ‘ஃப்ரீ த்ரோ’, அதாவது தடுப்பவர் இல்லாத எறிதல். கையால் தடுப்பவள் தவறு செய்வாள். காலால் தடுப்பவள் களத்தில் நிலைப்பாள்.

அதனால்தான் இந்த அணிகள் பெரும்பாலும் முன்னால் இருவர், பின்னால் மூவர் என்று வளையத்தடியைக் காக்கும் ‘ஜோன்’ தடுப்பை ஆடுகின்றன. ஆள் பிடித்து ஓட வேண்டியதில்லை, மூச்சு மிஞ்சும், தவறும் குறையும். இதை உடைப்பதுதான் இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய விருந்து. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தால் மூவர் வந்து மூடிவிடுவார்கள். பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருந்தால் காவல் வரிசை பக்கம் பக்கமாக ஆடும். அந்த ஆட்டத்தில் ஒரு தருணம், ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவில், முன்னிருவருக்கும் பின்மூவருக்கும் இடையே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சிறு இடம் திறக்கும். ஒருத்தி அங்கே வந்து பந்தை வாங்கிவிட்டால் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்ப்பார்கள். மூலையில் ஒருத்தி தனியாக நிற்பாள். பந்து அங்கே போய்ச் சேரும்.

கைதட்டல் மூலையில் நின்று போட்டவளுக்குக் கிடைக்கும். ரசிகர் பாராட்ட வேண்டியது நடுவில் வந்து நின்றவளை. அவளுக்கும் முன்னால், தன் தோழியின் காவலாளியின் வழியில் அசையாமல் நின்று ‘ஸ்கிரீன்’ போட்டுக்கொடுத்தவளை. 40 நிமிட ஆட்டத்தில் எந்த ஒருத்தியின் கையிலும் பந்து இருக்கும் நேரம் மிகக் குறைவு. மீதி நேரமெல்லாம் அவள் பந்தில்லாமல்தான் ஆடுகிறாள். கும்மியடிக்கும் வட்டத்தில் அடுத்தவள் கை எங்கே வரும் என்று பார்க்காமலே ஒருத்திக்குத் தெரிவதுபோல, பழகிய அணியில் பந்து கிளம்பும்போதே வாங்குகிறவள் புறப்பட்டிருப்பாள். தொடக்க வாரங்களில் இந்தத் தாளம் இருக்காது. பந்து ஆள் இல்லாத இடத்துக்குப் போய்க் கோட்டுக்கு வெளியே உருளும். செப்டம்பரில் அப்படி உருண்ட அதே பந்து நவம்பரில் ஒரு கையில் போய் இறங்குவதைப் பார்ப்பதற்காகவே ஒரு சிறு அணியைப் பருவம் முழுக்கத் தொடர வேண்டும்.

பந்தெறிதலில் பார்க்க வேண்டியது வளைவு. 6-ஆம் எண் பந்தின் விட்டம் சுமார் 23 செ.மீ. பந்து நேர் மேலிருந்து இறங்கினால் வளையம் அதற்கு 45 செ.மீ. முழுவட்டமாகத் திறந்திருக்கும். 45 பாகை சாய்வில் வந்தால் வாய் 32 செ.மீ. ஆகச் சுருங்கும். 30 பாகையில் வந்தால் 22.5 செ.மீ. மட்டுமே, பந்து எங்கும் உரசாமல் நுழைய வழியே இல்லை. களைத்த ஆட்டக்காரியின் பந்து தட்டையாகப் போய் வளையத்தின் முன்விளிம்பில் மோதுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்: கால் தளர்ந்தால் வளைவு தாழும். குட்டையான பெண் முழங்காலிலிருந்து விசையெடுத்து, மணிக்கட்டை உடைத்து, உயர்த்தி அனுப்பும் பந்து வானில் ஒரு கணம் தாமதித்து வலைக்குள் விழும்போது எழும் ‘சரக்’ என்ற சத்தம் ரசிகர் காதுக்கு மட்டும் கேட்கும் இசை.

ஃப்ரீ த்ரோவில் இதைத் தனியே பார்க்கலாம். பலகையின் முகத்திலிருந்து 4.6 மீட்டர் தூரம், தடுப்பவர் இல்லை, ஐந்து விநாடி. வெளியில் கூச்சல் எவ்வளவு இருந்தாலும் நல்லவள் ஒரே எண்ணிக்கையில் பந்தைத் தட்டி, ஒரே மூச்சில் எறிவாள். நெருக்கமான கல்லூரி ஆட்டங்கள் பெரும்பாலும் இந்தக் கோட்டில்தான் முடிவாகின்றன. ஒரு பயிற்சியாளர் எத்தகையவர் என்பதையும் அவர் அணியின் ஃப்ரீ த்ரோவைக் கொண்டு அறியலாம், ஏனென்றால் அதற்கு உயரமோ ஓட்டமோ வேண்டாம், பயிற்சி ஒன்றே போதும்.

இந்தப் பருவத்தின் நாள்வரிசைக்கு ஒரு பெரிய எதிரி மழை. கல்லூரிகளிடைப் போட்டிகள் சூடுபிடிக்கும் வேளையில்தான் வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. திறந்தவெளி சிமென்ட் தளத்தில் ஈரம் நின்றால் ஆடுவது ஆபத்து. மாணவிகளே தண்ணீரை வாரியடித்துச் சாக்கு போட்டு உலர்த்துவது வழக்கமான காட்சி. மரத்தளமும் கூரையும் உள்ள சென்னைக் கல்லூரிகள் இழக்காத பயிற்சி நாட்களை இவர்கள் இழக்கிறார்கள். மாலைப் பயிற்சியை இன்னொன்றும் சுருக்குகிறது: ஊருக்குப் போகும் பேருந்து. மலைக் கிராமத்துப் பெண் விடுதியில் தங்கியிருந்தால் ஆறரை மணிவரை ஆடலாம், இல்லாவிட்டால் ஐந்து மணிக்கே பையைத் தூக்க வேண்டும். விடுதி மாணவிகள் எத்தனை பேர் என்பதை வைத்தே ஓர் அணியின் பருவத்தை ஓரளவு முன்கூட்டிச் சொல்லிவிட முடியும்.

கல்லூரிகளிடைப் போட்டிக்குப் பின் பல்கலைக்கழக அணித் தேர்வு நடக்கும். அந்த அணி தென்மண்டலப் பல்கலைக்கழகங்களிடைப் போட்டிக்குப் போகும். அங்கே முன்னணியில் நிற்பவை அகில இந்தியப் போட்டிக்குத் தகுதி பெறும். இதற்கிடையே முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் உண்டு. அவற்றில் கல்லூரிப் பிரிவு மாவட்ட அளவில் தொடங்குவதால், சிறு கல்லூரிக்கு அதுவே மிக அருகிலுள்ள வாசல். சிறு கல்லூரியின் அணி முழுவதுமாக வெகுதூரம் போவது அரிது. அங்கிருந்து ஒருத்தி போவது அரிதல்ல.

அப்படிப் போனவர்களின் சுவடு தென்னிந்தியாவில் தெளிவாகவே இருக்கிறது. கேரளத்தின் சங்கனாசேரியில் அஸம்ப்ஷன் கல்லூரிக்கு ஆடிய கீது அன்னா ஜோஸ் தெற்கு ரயில்வேக்கு வந்து, இந்திய அணித் தலைவியாகி, 2011-இல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வு முகாம்களுக்கும் அழைக்கப்பட்டார். சங்கனாசேரி மாநகரம் அல்ல. தமிழ்நாட்டின் அனிதா பால்துரை 2000 முதல் 2017 வரை இந்தியாவுக்கு ஆடினார், 19 வயதில் தலைமையேற்றார், தாயான பின்னும் களத்துக்குத் திரும்பினார். 2017-இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் பி பிரிவு இறுதியில் கஜகஸ்தானை 75-73 என்று வென்ற அணியில் அவர் இருந்தார்; 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். தெற்கு ரயில்வேயில் வேலை என்பது இந்த இருவர் வாழ்விலும் ஆட்டத்துக்குக் கிடைத்த கூரை. கல்லூரியோடு ஆட்டம் நின்றுபோகாமல் இருக்க அத்தகைய விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகள் இன்னும் நிறைய வேண்டும்.

புதிய பருவத்தில் கள்ளக்குறிச்சிப் பக்கத்து அணிகளிடம் கோப்பையை எதிர்பார்ப்பது நியாயமாகாது. பிவட் காலை நழுவவிடாத ஒரு முதலாண்டுப் பெண், கடைசிக் கால்பகுதியிலும் உயர்ந்து இறங்கும் ஒரு பந்து, ஜோன் தடுப்பின் நடுவில் தயங்காமல் வந்து நிற்கும் ஒருத்தி: இவற்றை எதிர்பார்க்கலாம், இவை நிச்சயம் கிடைக்கும். கல்லூரித் திடலில் ஆட்டம் நடக்கும் நாளில் ஊர்க்காரர்களும் பெற்றோரும் ஒரு மணிநேரம் ஒதுக்கிக் களத்தோரம் வந்து நிற்க வேண்டும். மகள் பந்தில்லாமல் ஓடும் ஓட்டத்தை அப்பா ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், அடுத்த போட்டிக்கு அனுமதி கேட்க வேண்டியிருக்காது.