டைல்ஸுக்கு முன் பம்ப்

வீட்டு நீச்சல் குளத்தைப் புதுப்பிக்கும் பேச்சு பெரும்பாலும் டைல்ஸில்தான் ஆரம்பிக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன குளத்தில் நீல மொசைக் மங்கியிருக்கும், குரௌட் கருத்திருக்கும், படியோரத்தில் நாலைந்து துண்டு பெயர்ந்திருக்கும். காண்ட்ராக்டரைக் கூப்பிட்டால் அவரும் அதைத்தான் முதலில் பார்ப்பார், சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்வார். சென்னையில் நீலாங்கரை முதல் முட்டுக்காடு வரை கடற்கரைச் சாலையோரம் கட்டிய வீட்டுக் குளங்கள் பலவும் இப்போது இந்த வயதில் இருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான்: முதல் செலவைப் பம்ப் ரூமில் செய்யுங்கள். பழைய ஒற்றை வேகப் பம்பைக் கழற்றிவிட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வேரியபிள் ஸ்பீடு பம்பைப் போடுங்கள். கரண்ட் பில் குறைவது அதன் ஒரு பலன்தான். குளத்தில் வேறு எதை எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்லும் அளவுகருவியாகவும் அது இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பழைய பம்புக்கு ஒரே வேகம்தான். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,850 சுற்று சுற்றும். வேலை அதிகமோ குறைவோ, அந்த வேகம் மாறாது. புதிய வகையில் நிரந்தரக் காந்த மோட்டாரும், அதன் தலைமேல் டிரைவ் எனப்படும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியும் இருக்கும். பென்டேர் நிறுவனத்தின் இன்டெலிஃப்ளோ, இந்த வகையில் முன்னோடி, 450 சுற்றிலிருந்து 3,450 சுற்று வரை ஓடும். வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் ஓட்டம் பாதியாகும், அழுத்தம் நாலில் ஒன்றாகும், மின்செலவோ எட்டில் ஒன்றாகும். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிப் பழகியவர்களுக்கு இது நம்பக் கடினம். மெதுவாகச் சுற்றும் மோட்டார் தண்ணீரை மேலே தள்ளவே தள்ளாதே என்பார்கள். தொட்டிக்கு அது சரி. குளத்திலோ தண்ணீர் புறப்பட்ட மட்டத்துக்கே திரும்பி வருகிறது. குழாயின் உரசலையும் ஃபில்டரின் தடையையும் வென்றால் போதும், அந்த இரண்டும் வேகம் குறைந்தால் தாமாகக் குறைந்துவிடும்.

பட்டனை அழுத்தியதும் பம்ப் சில நிமிடம் முழு வேகத்தில் ஓடிக் குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்றும். பிறகு இரைச்சல் அடங்கி, பம்ப் ரூம் வாசலில் நின்று சாதாரணக் குரலில் பேசலாம் என்ற நிலைக்கு வந்துவிடும். திரையில் இரண்டு எண்கள் தெரியும்: சுற்று, வாட். பல வீடுகளில் செல்பேசிச் செயலியில் வேகம் மாற்றும் வசதியைத்தான் முதலில் காட்டி மகிழ்கிறார்கள். இந்த இரண்டு எண்களையும் குறித்துவைப்பதுதான் அதைவிட உருப்படியான வேலை.

எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் சுமார் 38,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஒன்றரை குதிரைத்திறன் பழைய பம்ப் மணிக்கு ஒன்றரை யூனிட் எடுக்கிறது என்று கொள்வோம். எட்டு மணி நேரம் ஓட்டினால் நாளைக்கு 12 யூனிட். அதே அளவு தண்ணீரைப் பாதி வேகத்தில் 16 மணி நேரம் சுற்றவிட்டால், ஏட்டுக் கணக்குப்படி 190 வாட் போதும்; மோட்டார், டிரைவ் இழப்புகளைத் தாராளமாகச் சேர்த்து 300 வாட் என்றே வைத்துக்கொள்ளலாம். அப்படியும் ஐந்து யூனிட்டுக்குள் முடிகிறது. குளத்தைத் துடைக்கவும் ஃபில்டரைப் பேக்வாஷ் செய்து கழுவவும் அவ்வப்போது வேகமாக ஓட்டுவதைக் கழித்தாலும் நாளைக்கு ஆறு யூனிட் மிச்சம். குளமும் மூன்று நாலு ஏசியும் உள்ள வீடு, தமிழ்நாட்டின் இரண்டு மாத பில்லில் 1,000 யூனிட்டைச் சாதாரணமாகத் தாண்டும். அதற்கு மேல் யூனிட் விலை 11 ரூபாய்க்கும் அதிகம். இரண்டு மாதத்துக்கு 360 யூனிட் என்றால் ஏறக்குறைய 4,000 ரூபாய், வருடத்துக்கு 24,000 ரூபாய். சாதாரணப் பம்பைவிட 60,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால்கூட இரண்டரை வருடத்தில் அது திரும்பி வந்துவிடும். அமெரிக்காவில் 2021 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள எரிசக்தித் துறை விதி, ஒற்றை வேகக் குளப் பம்புகளில் பெரும்பகுதியைப் புதிய விற்பனையிலிருந்து ஒதுக்கியதற்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை.

பழைய பம்பையே டைமர் வைத்து நாலு மணி நேரம் மட்டும் ஓட்டினால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த அளவுக் குளத்தின் தண்ணீர் அந்த நாலு மணி நேரத்திலேயே ஒரு முறைக்கு மேல் முழுதாகச் சுற்றிவிடும், செலவும் பாதியாகும். ஆனால் மீதி இருபது மணி நேரம் தண்ணீர் அசையாமல் கிடக்கும். சென்னை வெயிலில் குளோரின் சீக்கிரம் கரைந்துபோகும், மூலைகளில் பாசி பிடிக்கும், அதைச் சரிக்கட்ட ரசாயனச் செலவு ஏறும். மெதுவாக நெடுநேரம் ஓடும் பம்ப் குளோரினைச் சீராகப் பரப்பும். மணல் ஃபில்டரும் தண்ணீர் மெதுவாகப் போகும்போது தூசியை நன்றாகப் பிடிக்கும். ஏற்கனவே நாலு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளும் வீட்டில் முதல் திரும்ப நாலு வருடத்துக்கு மேல் ஆகலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று ஃபேஸ் மோட்டார் உள்ள பம்பாக இருந்தால் தனியாக ஒரு டிரைவ் மட்டும் வாங்கி மாட்டலாம், செலவு குறையும். கண்டென்சர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கு அது ஒத்துவராது.

பம்ப் எப்படி அளவுகருவியாகிறது? ஃபில்டரைக் கழுவி, கூடைகளைச் சுத்தம் செய்த அன்று, ஏதாவது ஒரு வேகத்தில், 2,400 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள், வாட்டையும் ஃபில்டர் மேலுள்ள பிரஷர் கேஜ் காட்டுவதையும் எழுதிவையுங்கள். பிறகு அதே வேகத்தில் வாட் குறைந்து பிரஷர் ஏறினால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வாட்டும் பிரஷரும் சேர்ந்து இறங்கினால் கோளாறு உறிஞ்சும் பக்கம்: மேல்மட்டக் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரின் கூடையில் இலை, அல்லது இணைப்பில் காற்றுக் கசிவு. ஃபில்டர் சுத்தமாக இருந்தும் முதல் நாளே பிரஷர் மிக அதிகமாக இருந்தால், தரைக்கடியில் போகும் திரும்பு குழாய் குறுகலாகவோ அடைத்தோ இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இதில் கவனம் வேண்டும்: பிரஷர் 0.6 பார் அளவு ஏறினால் பேக்வாஷ் செய் என்று பிளம்பர்கள் சொல்லும் கணக்கு முழு வேகத்துக்கானது. பாதி வேகத்தில் கேஜ் முள் அசைவதே தெரியாது. அதைப் பார்த்து ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு பிளாஸ்டிக் வாளி போதும். வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பிப் படியில் வைத்து, உள்மட்டத்தையும் குளத்தின் மட்டத்தையும் வாளியிலேயே கோடு போட்டுவிட்டு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். வாளியில் இறங்கியது வெயில் குடித்த தண்ணீர். குளம் அதைவிட அதிகமாக இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. பம்ப் ஓடும்போது ஒரு நாளும், நிறுத்தி ஒரு நாளும் பார்க்க வேண்டும். ஓடும்போது மட்டும் அதிகம் இறங்கினால் குழாயிலும், இரண்டு நாளும் ஒரே அளவு இறங்கினால் குளத்தின் உடம்பிலும் தேடலாம். மேலே சொன்ன குளத்தில் ஒரு நாளில் கூடுதலாக ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 320 லிட்டர் போகிறது என்று அர்த்தம். மாதத்துக்கு 9,600 லிட்டர். டைல்ஸ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்தக் குளத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்துவிட்டது. கசிவு இல்லாமல் நிறம் மட்டும் மங்கிய குளம் இன்னும் சில வருடம் பொறுக்கும்.

புதுப்பிக்கக் குளத்தைக் காலியாக்குவதுதான் என்றால் எல்லா வேலையையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாமே என்பது காண்ட்ராக்டர்கள் சொல்லும் வாதம். அதில் வலு உண்டு. குளத்தை இரண்டு முறை காலி செய்ய யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் பம்ப் மாற்றக் குளத்தைக் காலி செய்யத் தேவையே இல்லை. இரண்டு பக்க வால்வையும் மூடினால் போதும். அதன்பின் ஒரு வருடம் எண்களைப் பார்த்துவிட்டுக் குளத்தைத் திறந்தால், குழாய் மாற்ற வேண்டுமா, வாட்டர்புரூஃபிங் வேண்டுமா, டைல்ஸ் மட்டும் போதுமா என்று தெரிந்தே திறக்கலாம். டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு திரும்பு குழாய் கோளாறு தெரியவந்தால், புதுத் தளத்தை உடைப்பதைத் தவிர வழியில்லை.

காலி செய்யும் மாதத்தைத் தேர்ந்தெடுப்பதும் சின்ன விஷயமல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கடலோர மணலில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். அப்போது காலியாக இருக்கும் குளத்தைச் சுற்றியுள்ள நீர் கீழிருந்து தூக்கும். தரை விரிசல் விடும், சில சமயம் தொட்டி மொத்தமாக மேலெழும்பும். மே, ஜூனில் அந்தப் பயம் குறைவு, ஆனால் திரும்ப நிரப்பத் தண்ணீர் எங்கே? 12,000 லிட்டர் லாரி என்றாலும் மூன்றுக்கு மேல் வேண்டும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததை நினைத்தால், அந்த மாதங்களில் குளம் நிரப்புவது எனக்கு ஒப்பவில்லை. பிப்ரவரி, மார்ச்தான் சரியான காலம். முதலில் ஒரு குழி தோண்டி நீர்மட்டம் பார்த்துவிட்டே வால்வைத் திறக்க வேண்டும்.

இந்தப் பம்புக்குக் குறைகள் உண்டு. கடல் காற்றும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் எலக்ட்ரானிக்ஸுக்கு எதிரி. வெயில், மழை படாத, காற்றோட்டமுள்ள இடமும் சர்ஜ் பாதுகாப்பும் கட்டாயம். மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் சாதாரண ஆர்சிசிபி, டிரைவின் கசிவு மின்னோட்டத்தால் தேவையில்லாமல் விழலாம். அதற்காக ஆர்சிசிபியையே கழற்றிவிடும் எலக்ட்ரீஷியனை அனுமதிக்கவே கூடாது, அதற்குப் பொருத்தமான வகையைப் போடச் சொல்ல வேண்டும். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி இருந்தால், ஓட்டம் ஓரளவுக்குக் கீழே போனதும் அது நின்றுவிடும். விளிம்பில் வழியும் ஓவர்ஃப்ளோ குளத்தில் பலன் இன்னும் குறைவு: தாழ்வான பேலன்சிங் டேங்கிலிருந்து தண்ணீரை ஏற்ற வேண்டியிருப்பதால் பாதி வேகத்தில் ஓட்டம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், விளிம்பும் ஒரு பக்கம் மட்டும் நனையும். அங்கே 1,800, 2,000 சுற்று என்று மேலே வைத்தே ஓட்ட வேண்டியிருக்கும்.

ஒரு வருடம் பொறுக்கலாம் என்று சொன்னேன். இரண்டு விஷயங்களுக்கு ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. காலைக் கிழிக்கும் உடைந்த டைல்ஸ் ஒன்று. மற்றது அடியிலுள்ள உறிஞ்சு வாயின் மூடி. 2002இல், முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி வர்ஜீனியா கிரேம் பேக்கர், ஸ்பா ஒன்றின் உறிஞ்சு வாயில் மாட்டி இறந்தாள். அவள் பெயரில் 2007இல் வந்த சட்டம், பொதுக் குளங்களில் பாதுகாப்பான மூடிகளைக் கட்டாயமாக்கியது. நம் வீட்டுக் குளங்களில் உடைந்த, தட்டையான, ஒற்றை மூடியோடு முழு வேகப் பம்ப் ஓடுவது மனதைப் பதற வைக்கிறது. வேகம் குறைந்தால் இழுவிசையும் குறையும் என்பது உண்மை, ஆனால் குழந்தை தண்ணீரில் இருக்கும்போது யாரோ வேகத்தைக் கூட்டினால் அந்தக் காப்பு போய்விடும். குவிந்த வடிவில், உடலால் அடைக்க முடியாத மூடியை உடனே போடுங்கள். குளத்தைத் திறக்கும் நாளில் மூன்றடிக்கு மேல் தள்ளி இன்னொரு உறிஞ்சு வாயையும் சேர்த்துவிடுங்கள்.

ஸ்கிம்மர் குளமும், நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடும் பழைய பம்பும் உள்ளவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போது செயலியின் அழகைப் பார்க்காமல், திரையில் வாட் தெரிகிறதா, டிரைவ் பலகை மட்டும் தனியாக உதிரியாகக் கிடைக்குமா, அதை மாற்ற ஊரில் ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். ஓவர்ஃப்ளோ குளக்காரர்கள் முதலில் டேங்கின் நீர்மட்டத்துக்கும் குளத்தின் விளிம்புக்கும் உள்ள உயரத்தை அளந்து, அந்த எண்ணோடு கடைக்குப் போகட்டும்.